ஏடு 14, பின்பக்கம்

அறிக்கை வாசிக்க இன்னும் நான்கு மணி நேரம் பத்து நிமிடம் இருந்தது.

வாசித்து முடித்ததும் ட்ரிதாவின் பெயர் போலீஸுக்குப் போகும். அவளுடைய முனைவர் பட்டப் பதிவு ரத்தாகும். ஆறு வருட உழைப்பு. அறிக்கை நான்கு மொழிகளில் அச்சாகி, அரங்கத்து மேசைமேல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. எந்த மொழி மேலே இருக்க வேண்டும் என்பதற்கு நாற்பது நிமிடம் சண்டை நடந்ததாக வாசல் காவலாளி சொன்னார். ட்ரிதாதான் திருடி என்பதற்குச் சண்டையே வரவில்லை.

"முப்பது வருஷமா இந்த வரலாற்றுக் கழகம் நடக்குது," என்றான் நௌம். "எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கிட்ட முதல் விஷயம் இதுதான். பால்கன் பொது மரபுன்னு இதைத்தான் சொல்றாங்க போல."

டோம்னா கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி மூன்றாவது முறையாக நடந்துகொண்டிருந்தாள்.

டோம்னா தலேவா கிரேக்க எல்லைச் சுங்கச்சாவடியில் இருபது வருடம் அடுத்தவர் பெட்டிகளைத் திறந்தவள். ஓய்வு பெற்றதும் மாசிடோனியாவின் பிட்டோலா நகரில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். நௌம் அவளுடைய உதவியாளன். அதற்கு முன் இதே கழகத்தில், இதே இயக்குநரிடம், நான்கு வருடம் அடிக்குறிப்பு எழுதியவன். அந்த நான்கு வருடத்தைப் பற்றிக் கேட்டால், ஜெயிலுக்குப் போய்வந்தவன் மாதிரி தேதியோடு சொல்வான்.

பெட்டிக்குள் பச்சை வெல்வெட் துணி. அதன் நடுவில், புத்தகம் இருந்த பள்ளம்.

காணாமல் போனது ஒரு பெயரேடு. ஓரேவா என்ற மலைக்கிராமத்துத் தேவாலயத்தில், இருநூறு வருடத்துக்கு முன் எழுதியது. அந்த ஊரில் இறந்தவர்களின் பெயர்கள் வீடு வாரியாக அதில் இருந்தன. பாதிரியார் அவற்றைச் சத்தமாக வாசிப்பார். அதற்காகத்தான் அந்தப் புத்தகம்.

ஓரேவாவில் இப்போது ஆளே இல்லை. ஆனால் அது யாருடைய ஊர் என்ற சண்டைக்கு ஒரு குறைவும் இல்லை. சோஃபியாவிலிருந்து வந்த ப்ரோடான், பெல்கிரேடிலிருந்து வந்த ராதிவோய், ஏதென்ஸிலிருந்து வந்த லீசிமாகோஸ், உள்ளூர் இயக்குநர் க்லிமே நல்பந்தோவ் என்று நான்கு பேராசிரியர்களும் அதைப் பற்றி ஆளுக்கொரு தடித்த புத்தகம் எழுதியிருந்தார்கள். நான்கிலும் அந்த ஊர் எழுதியவருடைய ஊராகவே இருந்தது.

இடிந்த சுவருக்குள் கிடைத்த பெயரேடு, பழுது பார்க்கப்பட்டுத் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. முதல் ஏட்டை யார் புரட்டுவது என்பதில் நால்வருக்கும் ஒத்துவரவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை நிறைவு விழா வரைக்கும் யாருமே திறக்கக் கூடாது, படம்கூட எடுக்கக் கூடாது என்று பூட்டினார்கள். புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு அதைக் காணோம். இன்று வெள்ளிக்கிழமை.

பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று, கழகத்து ஆராய்ச்சி மாணவியான அல்பேனியப் பெண் ட்ரிதாவின் கழுத்துக் கயிற்றில். இன்னொன்று இயக்குநர் அறை வாசலில், எல்லோரும் கோட்டு மாட்டும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில்.

"இன்னும் என்ன பாக்கறீங்க மேடம்?"

க்லிமே வந்து நின்றார். பேசும்போது மேடையில் நிற்பது போலவே நிற்பவர்.

"போலீஸுக்குப் போறதுக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தரோட கையெழுத்து இருந்தா கௌரவமா இருக்கும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். கையெழுத்துதான் கேட்டேன். ஆராய்ச்சி கேக்கல."

"படிக்காம கையெழுத்துப் போட வராது சார். சுங்கச்சாவடிப் பழக்கம்."

"படிக்க என்ன இருக்கு? நேத்து வந்தவங்களுக்கு இந்த மண்ணோட மதிப்பு தெரியாது. அவ்வளவுதான்."

"நேத்தா?" என்றான் நௌம். "ட்ரிதாவோட தாத்தாவுக்குத் தாத்தா இங்க பஜார்ல கடை வெச்சிருந்தாரு சார்."

"வரலாற்றுல அது நேத்துதான் தம்பி. ஓரேவா எங்க பூர்வீகம். ஒன்பது தலைமுறை. அங்க அல்பேனியன் ஒருத்தன் காலடிகூடப் பட்டதில்ல. அறுநூறு பக்கத்துல நிரூபிச்சிருக்கேன்."

"அதுல நூத்தியெண்பது பக்கம் என் அடிக்குறிப்பு. என் கால்தான் தேஞ்சுது."

டோம்னா கைப்பையிலிருந்து புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்தாள். பெட்டிக்குள் கைவிட்டு, வெல்வெட் மடிப்பிலிருந்து எதையோ கவ்வி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு கோதுமை மணி. வெந்தது. மேலே வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

க்லிமே குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "அஷுரெ! அவங்க வீட்டுப் பண்டம். கோதுமையை வேகவெச்சு இனிப்புப் போடுவாங்க. மதியச் சாப்பாட்டை இங்கயே தின்னிருக்கா. இதைவிட வேற என்ன வேணும் உங்களுக்கு?"

டோம்னா மணியை முகர்ந்தாள். நகத்தால் அழுத்தினாள்.

"அஷுரெ பாயசம் மாதிரி சார். கரண்டியில எடுத்தா வழியும். இது உதிரி. பொடிச்ச சர்க்கரையும் வால்நட் தூளும் போட்டுப் பிரட்டினது. செத்தவங்களுக்கு வைக்கிற கோதுமை. உங்க வீட்டுல வைப்பீங்க, எங்க வீட்டுல வைப்போம். அல்பேனியங்கள்லயும் கிறிஸ்தவ வீட்டுல வைப்பாங்க. ட்ரிதா வீடு மாதிரி முஸ்லிம் வீட்டுல வைக்க மாட்டாங்க." மறுபடி அழுத்தினாள். "சரியாவும் வேகல."

க்லிமே நிமிர்ந்து நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்படின்னா ப்ரோடான், ராதிவோய், லீசிமாகோஸ். மூணு பேருமே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்கதான். எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம்."

"அறிக்கையை நிறுத்திடலாமா?"

"அதெப்படி? நாலு மொழியில அச்சாயிடுச்சே."

*

ட்ரிதா தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. எழுந்து போகச் சொன்னால் உடனே போய்விட வசதியாக.

"சாப்பிடப் போன அரை மணி நேரத்துலதான் போச்சு," என்றாள். "நான் அதைத் திறந்ததே இல்லக்கா. அட்டையில தூசி தட்டினேன், அவ்வளவுதான்."

"திறக்கணும்னு தோணலையா?"

"தினமும் தோணுச்சு."

டோம்னாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது என்று நௌமுக்குத் தெரிந்தது. பொய் சொல்கிறவர்கள் தோணவே இல்லை என்பார்கள்.

"ரெண்டு மணிக்கு அப்பா வர்றாரு," என்றாள் ட்ரிதா. "விழாவுக்கு நான்தான் மொழிபெயர்க்கறேன்னு போன வாரம் சொல்லியிருந்தேன். புதுசா கோட்டு வாங்கியிருக்காரு. வராதீங்கன்னு இன்னும் சொல்லல."

"சொல்லாத," என்றாள் டோம்னா.

*

வெளியே பெலிஸ்தர் மலையிலிருந்து காற்று அறுத்துக்கொண்டு வந்தது. ஷிரோக் சோகாக் தெருவில் வழக்கம்போல வேலைக்குப் போக வேண்டியவர்கள் எல்லாம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நௌம் நடந்துகொண்டே, பக்கத்தில் வந்த டோம்னா சொன்னபடி ஒவ்வொரு தேவாலயத்துக்கும் போன் செய்தான்.

"எதுக்குக்கா தேவாலயம் தேவாலயமா கேக்கறோம்? ஊரே கோதுமை கிண்டுமே."

"சனிக்கிழமைதான் செத்தவங்க நாள், அன்னிக்குக் கிண்டும். புதன்கிழமை யாருடா செத்தவங்களுக்குக் கோதுமை வைப்பாங்க?"

நௌம் யோசித்தான். யாரும் வைக்கமாட்டார்கள்.

முதல் இரண்டு தேவாலயங்களில் இல்லை என்றார்கள். மூன்றாவதில் ஃபாதர் ஸ்பிரோ, "அந்தக் கிறுக்கனா?" என்று கேட்டார்.

ஆற்றுக்கு மேலே, மேட்டில் இருந்தது அந்தச் சின்னத் தேவாலயம். ஃபாதர் ஸ்பிரோ மெழுகுவர்த்தி விற்கும் மேசைக்குப் பின்னால், அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னத்தைக் கையால் பிடித்திருந்தார்.

"புதன்கிழமை காலைல எட்டு மணிக்கு வந்தான் மகளே. தொப்பி, கழுத்துத் துண்டு. மூக்கு மட்டும் வெளியே. சனிக்கிழமை வாயேன்னேன். முடியாதுன்னான். செத்தவங்க காத்திருப்பாங்க. உயிரோட இருக்கறவனுக்குத்தான் அவசரம்."

"கோதுமை?"

"அவனே கிண்டியிருப்பான். பொண்டாட்டிக்குத் தெரியாம கிண்டின கோதுமை, வாயில வெச்சாலே தெரியும். பாதி வேகல. என் கடவாய்ப் பல் போச்சு."

நௌம் இருமினான். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை.

"சிரி மகனே, சிரி. உனக்குப் பல் இருக்கு."

"அவர் சாப்பிட்டாரா ஃபாதர்?" என்றாள் டோம்னா.

"ஒரு கரண்டி. மிச்சத்தைத் துண்டுல கட்டி எடுத்துட்டுப் போனான். பாதி அவன் கோட்டுக் கைமடிப்புல போச்சு."

"மெழுகுவர்த்தி?"

"கீழ்த்தட்டுல பதினொண்ணு." கீழ்த்தட்டு இறந்தவர்களுக்கு. "உயிரோட இருக்கறவங்களுக்கு மேல்தட்டுல ஒண்ணு வைப்பான்னு பார்த்தேன். வைக்கல. அவனுக்கு வேண்டியவங்க யாரும் உயிரோட இல்ல போல."

"வாசிக்கச் சொல்லிப் பேர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கா?"

ஃபாதர் இழுப்பறையைத் திறந்தார். "தூக்கிப்போட மனசு வரல. நாப்பது வருஷத்துல இப்படி ஒரு சீட்டு நான் பார்த்ததில்ல."

பெரிய எழுத்துகளில், யார் கையெழுத்து என்று தெரியாதபடி எழுதியிருந்தது. லேகா, கோலா, மாரா, கியோன், நஸ்தா. இப்படிப் பதினொரு பெயர். கடைசிப் பெயர் ஸோகா. அதற்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே ஒரு வரி: ஏடு 14, பின்பக்கம், வரி 3 முதல் 13 வரை.

"ஸோகான்னு பாடிட்டு நின்னுட்டேன்," என்றார் ஃபாதர். "கேள்விக்குறியை எந்த ராகத்துல பாடறது? செத்தவ பேர்ல ஆண்டவருக்கே சந்தேகம்னு சொல்ல முடியுமா? கீழ ஏடு, வரின்னு இருந்துதே, அது பரலோகத்துல அவங்க விலாசமா இருக்கும்னு நினைச்சு அதையும் வாசிச்சுட்டேன்."

நௌம் இந்த முறை சிரிக்கவில்லை. அவனுடைய நான்கு வருடம் கண்முன்னால் வந்தது. வேறு யாருக்கு இது வரும்? செத்தவர்களுக்குச் சோறு வைக்கும்போதும் ஆதாரம் காட்டுகிறவன். ஆதாரம் காட்டாமல் ஒரு பெயர் எழுதினால் கை கூசுகிறவன்.

"பேராசிரியர்தான்க்கா," என்றான். "சத்தியமா. மனுஷன் இப்படி எழுத மாட்டான்."

"வாசிக்கறப்போ அவர் என்ன பண்ணினார் ஃபாதர்?"

ஃபாதர் ஸ்பிரோ கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "ஒவ்வொரு பேருக்கும் தலை குனிஞ்சான் மகளே. பதினொரு தடவை. நான் எண்ணினேன்."

*

பூரெக் என்ற பாலாடைக்கட்டிப் பலகாரம் விற்கும் கடையில் நின்றபடி சாப்பிட்டார்கள். மணி ஒன்று பத்து. நௌம் தயிரைக் குடித்துவிட்டு, விரல்விட்டு எண்ணினான்.

"யாரும் திறக்காத புத்தகத்துலேர்ந்து ஏடு எண்ணோட எழுதியிருக்கான். அப்போ செவ்வாய்க்கிழமையே ஆணியிலேர்ந்து சாவி எடுத்துத் திறந்திருக்கான். புதன் காலைல கோதுமை. புதன் மதியம் மறுபடி வந்து புத்தகத்தையே தூக்கியிருக்கான். அப்போ கைமடிப்புலேர்ந்து விழுந்த மணிதான் இது. சரியா?"

"சரி."

"என் பந்தயம் ப்ரோடான். இல்லேன்னா ராதிவோய். லீசிமாகோஸ் கோட்டுக் கையில கோதுமை விழுந்தா சலவைக்காரனைக் கூப்பிடற ஆளு."

"ஒண்ணு யோசி. அந்தப் பேரெல்லாம் தனக்குச் சாதகமா இருந்தா ப்ரோடான் என்ன பண்ணுவான்?"

"டிவிக்காரனைக் கூப்பிடுவான்."

"பாதகமா இருந்தா?"

"அடுப்புல போடுவான்."

"ராதிவோய்?"

"பெரிய அடுப்புல போடுவான்."

"அப்போ கோதுமையை எதுக்குடா கிண்டறான்?"

நௌம் பூரெக்கை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். டோம்னா சீட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

"இதுல இன்னொண்ணு இருக்கு. வரி மூணுலேர்ந்து எழுதியிருக்கான். ஒண்ணும் ரெண்டும் எங்க?"

"அச்சுக் கடைக்கு ஓடறேன்," என்றான் நௌம். "எத்தனை நகல்?"

"நாலு. ஆளுக்கொண்ணு கொடுக்கலேன்னா அதுக்கும் சண்டை வரும்."

*

இரண்டு மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் புதுக் கோட்டில் ஒரு பெரியவர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மகளைத் தேடிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ட்ரிதா சுவரோரம் நின்றாள். க்லிமே அறிக்கையைக் கையில் எடுத்தார்.

"அதுக்கு முன்னாடி," என்று டோம்னா எழுந்தாள். "புத்தகம் இன்னும் கிடைக்கல. ஆனா அதுல ஒரு பக்கம் கிடைச்சிருக்கு. பதினொரு பேர்."

நௌம் நகல்களைக் கொடுத்தான்.

திருட்டுப்போன புத்தகத்தின் ஒரு பக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று மூக்குக் கண்ணாடிகள் மேலேறின.

"லேகா!" என்றார் ப்ரோடான். "அலெக்சாந்தரோட சுருக்கம். சுத்தமான பல்கேரியப் பேரு. விஷயம் முடிஞ்சுது."

"எங்க மாமா பேரே லேகாதாங்க," என்றார் ராதிவோய். "பெல்கிரேடுல தெருவுக்கு நாலு லேகா இருக்கான். வந்து எண்ணிப் பாருங்க."

லீசிமாகோஸ் புன்னகைத்தார். "அலேகோஸ். எழுதினவனுக்குக் கிரேக்கம் சரியா வரல, பாவம்."

"கோலாவை எடுத்துக்கங்க. லேகா எங்களுது."

"மாராவும் நஸ்தாவும் கொடுத்தா கோலாவை விடறேன்."

"நஸ்தாவைத் தொடாதீங்க!"

"வெங்காயம் வாங்கறப்போகூட இதைவிட மரியாதையா பேசுவாங்கக்கா," என்றான் நௌம்.

க்லிமே மட்டும் தன் நகலை எடுக்கவில்லை. அது அவருக்கு முன்னால் கவிழ்ந்து கிடந்தது. டோம்னா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கோட்டுக் கையையும்.

பத்துப் பெயர்கள் பங்கு பிரிந்தன. கடைசிப் பெயரை யாரும் கேட்கவில்லை.

"இந்த ஸோகா யாரு?" என்றார் ராதிவோய். "பக்கத்துல கேள்விக்குறி வேற."

"ஏதோ எழுத்துப் பிழை," என்றார் ப்ரோடான். "அடிச்சுடலாம்." லீசிமாகோஸும் தலையசைத்தார். மூவரும் ஒத்துக்கொண்ட இரண்டாவது விஷயம்.

"பிழை இல்ல சார்." சுவரோரத்திலிருந்து ட்ரிதாவின் குரல். "எங்க அத்தை பேரு ஸோகா."

"உன்னை யாரும்மா கேட்டா?" ராதிவோய் பேனாவைத் திறந்து, அந்தப் பெயரின்மேல் முனையை வைத்தார்.

"அடிக்காதீங்க."

க்லிமேதான். மேடைக் குரல் இல்லை. ராதிவோயின் பேனா நின்றது.

"ஏன் சார்?" என்றாள் டோம்னா. "அப்படி யாரும் அந்த ஊர்ல இருந்ததே இல்லன்னு அறுநூறு பக்கம் எழுதினது நீங்கதானே?"

க்லிமே கையிலிருந்த அறிக்கையை மேசைமேல் வைத்தார். நேராக வைத்தார். ஓரங்களைச் சரிசெய்தார். "புத்தகம் என் அறையில இருக்கு. கீழ் இழுப்பறை. இந்தப் பொண்ணு எடுக்கல."

அரங்கத்தில் சலசலப்பு. ப்ரோடான் எழுந்து நின்றார். லீசிமாகோஸ் தன் அறிக்கைப் பிரதியை மெதுவாக மடித்து, அதைத் தான் பார்த்ததே இல்லை என்பதுபோல் பைக்குள் வைத்தார்.

"அது எனக்கு ஒரு மணிக்கே தெரியும்," என்றாள் டோம்னா. "நாலு பேர்ல அந்த ஊருக்குச் சொந்தம் கொண்டாடினது நாலு பேரும். அந்த ஊர்லேர்ந்து வந்தது நீங்க ஒருத்தர். புதன்கிழமை காலைல அவங்களுக்குச் சோறு போட்டீங்க. மதியம் அவங்களையே ஒளிச்சு வெச்சீங்க. அதுக்கு இவளைப் பிடிச்சுக் கொடுக்கப் பார்த்தீங்க. ஃபாதர்கிட்ட மூணாவது வரிலேர்ந்துதான் கொடுத்தீங்க. மொதல் ரெண்டு வரியைச் சொல்லுங்க. பின்வரிசைல இவங்க அப்பா இருக்காரு, அவருக்கும் கேக்கணும்."

"கழகத்தோட பேரு," என்று தொடங்கினார் க்லிமே.

"ரெண்டு வரி சார். அடிக்குறிப்பு வேண்டாம்," என்றான் நௌம்.

க்லிமே மூவரையும் பார்த்தார். மூவர் கையிலும் பத்துப் பெயர்கள் வட்டம் போடப்பட்டு, நாடு எழுதப்பட்டு இருந்தன. பிறகு ட்ரிதாவைப் பார்த்தார். மூன்று நாளில் அவள் முகத்தை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"முதல் வரி, 'நல்பந்த் வீடு,'" என்றார். அது அவருடைய குடும்பப் பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய அறுநூறு பக்கப் புத்தகத்தின் அட்டையில் தங்க எழுத்தில் இருக்கிறது.

"ரெண்டாவது?"

உதடு அசைந்தது. டோம்னா காத்திருந்தாள். பின்வரிசைப் பெரியவர் காதை முன்னால் கொண்டுவந்தார்.

"'இந்த வீட்டார் அல்பேனியர். அவர்கள் மொழியிலேயே வாசிக்கவும்,'" என்றார் க்லிமே நல்பந்தோவ். "நாங்க அல்பேனியங்க."